பாந்தர் பச்சோந்திக்குக் கூட்டுக்குள் பருவகாலம்: வெளிச்சம், வெப்பம், மழை எவ்வளவு மாற்றலாம்?

ஸ்காபரோ_பச்சை எழுதியது:

வணக்கம். டொரண்டோவில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது மடகாஸ்கர் இனமான பாந்தர் பச்சோந்தி, ஆண், அம்பிலோபே வகை, வயது 14 மாதம், எடை 158 கிராம். கூடு 60 × 60 × 120 செ.மீ., நான்கு பக்கமும் வலை. மேலே டி5 ஹெச்ஓ 6 சதவீத யூவிபி (புற ஊதா) குழல் ஒன்று, 6500 கெல்வின் எல்இடி பட்டை இரண்டு, சூட்டுக்கு 75 வாட் ஹாலஜன் பல்ப். இதுவரை வருடம் முழுக்க 12 மணி நேர வெளிச்சம், பாஸ்கிங் (விளக்குக்குக் கீழே வெயில் காயும் இடம்) 30 டிகிரி, காலையும் மாலையும் 3 நிமிட மிஸ்டிங் (நீர்த்தூவல்).

இந்த வருடம் பருவ மாற்றம் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். திட்டம் இதுதான்: கோடையில் 14 மணி நேரம் வெளிச்சம், குளிர்காலத்தில் 9. பாஸ்கிங் கோடையில் 32, குளிரில் 25. குளிர்காலத்தில் யூவிபி பாதி நேரம் மட்டும். மடகாஸ்கரில் அது வறண்ட காலம் என்பதால் மிஸ்டிங் இரண்டு நாளுக்கு ஒரு தடவை. ஜனவரியில் அறை பகலில் 19, இரவில் 17, காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் வரை இறங்கும். டைமரெல்லாம் ஸ்மார்ட் பிளக்கில்தான் ஓடுகிறது. இந்தக் கணக்கு சரியோ? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

இலைமறைகாய் எழுதியது:

நீங்கள் போட்டிருப்பது டொரண்டோவின் பருவம். அம்பிலோபேக்கு அது பொருந்தாது.

அம்பிலோபே இருப்பது மடகாஸ்கரின் வடக்கு முனைக்குப் பக்கம், தெற்கு அட்சரேகை 13 டிகிரி சொச்சம். அங்கே வருடத்தின் நீளமான பகல் 12 மணி 54 நிமிடம், குறுகிய பகல் 11 மணி 20 நிமிடம். அவ்வளவுதான் வித்தியாசம், ஒன்றரை மணி நேரம். 9 மணி நேரப் பகலை இந்த இனம் கண்டதே கிடையாது, 14 மணி நேரப் பகலையும்தான். தென் ஸ்பெயினில் இருக்கும் பச்சோந்திக்கு அந்த ஏற்ற இறக்கம் சரி, அது குளிர்காலத்தில் அடங்கிக் கிடக்கிற இனம். பாந்தருக்கு அப்படி ஒரு உறக்கம் கிடையாது.

நமக்கு ஒரு வசதி உண்டு. சென்னை வடக்கு அட்சரேகை 13.1. அம்பிலோபேயை நிலநடுக்கோட்டின் இந்தப் பக்கம் மடித்துப் போட்டால் ஏறக்குறைய சென்னை அட்சரேகையில்தான் விழும். பகல் நீளமும் அதே, மாதம் மட்டும் ஆறு மாதம் தள்ளி. அதனால் பருவத்தைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் டிசம்பரில் அதற்குக் குளிர்ப்பருவம், உங்கள் ஜூனில் மழைப்பருவம். கூட்டில் பொரித்து வளர்ந்த விலங்குக்கு மடகாஸ்கர் மாதக் கணக்கு தெரியாது. வீடு தானாகவே குளிரும் மாதத்தில் குளிர்ப்பருவத்தை வைத்தால் பாதி வேலை மிச்சம். பகல் நீளத்துக்கு வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் சென்னை சூரிய உதயம், அஸ்தமனம் பார்த்தால் போதும். டிசம்பர் 21 அளவில் 11 மணி 22 நிமிடம், ஜூன் 21 அளவில் 12 மணி 54 நிமிடம். மாதம் ஒருமுறை 15 நிமிடம் கூட்டிக் குறைத்தால் ஆறு மாதத்தில் கணக்கு முடிந்துவிடும்.

அடுத்தது வெப்பம். பக்கத்தில் இருக்கும் நோசி பே தீவை எடுத்துக்கொண்டால், உச்ச மாதத்தில் பகல் 31, இரவு 23 அளவில். ஜூலை ஆகஸ்டில் பகல் 28, இரவு 18-19. பகல் பெரிதாக இறங்குவதில்லை, இறங்குவது இரவுதான். மழை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கொட்டும், மே முதல் அக்டோபர் வரை குறைவு. குளிர்ப்பருவத்தில் மேகம் குறைவு என்பதால் வெயில் நன்றாகவே கிடைக்கும். ஜூன் கடைசியில்கூட நண்பகல் சூரியன் அங்கே 53 டிகிரி உயரத்தில் நிற்கும். அதாவது பச்சோந்தி வேண்டும்போது வெயிலுக்கு வந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளலாம். பாஸ்கிங்கை 25-க்கு இறக்கினால் அந்த வாய்ப்பையே பறிக்கிறீர்கள். சாப்பிட்டது செரிக்காது. யூவிபியைப் பாதியாக்குவதற்கும் காரணமே இல்லை.

எனவே பாஸ்கிங்கின் உச்ச வெப்பத்தை ஏறக்குறைய அப்படியே விட்டு, ஹாலஜன் எரியும் நேரத்தைக் குறையுங்கள்.

மழைப்பருவம், உங்களுக்கு மே முதல் அக்டோபர்: முதுகு உயரத்தில் 30 டிகிரி, ஹாலஜன் 5-6 மணி நேரம். கூட்டின் மேல் பாதி 26, இரவு அறை எவ்வளவோ அவ்வளவு, 22-க்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. மிஸ்டிங் காலை 3 நிமிடம், மாலை 3 நிமிடம், அதோடு வாரத்தில் நான்கு நாள் பிற்பகலில் 12-15 நிமிட மழை.

குளிர்ப்பருவம், டிசம்பர் முதல் மார்ச்: முதுகு உயரத்தில் 29, ஹாலஜன் காலை 3 மணி நேரம் மட்டும். மேல் பாதி 23-24, இரவு 17-18. பிற்பகல் மழை கிடையாது. விளக்கு எரியுமுன் 2 நிமிடம், அணைந்த பிறகு 2 நிமிடம் மிஸ்டிங் தொடரும்.

நவம்பரும் ஏப்ரலும் மாறும் மாதங்கள். ஹாலஜன் நேரத்தை வாரத்துக்கு அரை மணி வீதம் மாற்றுங்கள்.

"வறண்ட காலம்" என்ற பெயர்தான் எல்லோரையும் ஏமாற்றுவது. அங்கே மழை குறைகிறதே தவிர காற்று காய்வதில்லை. இரவில் பனி இறங்கி விடியற்காலையில் இலையெல்லாம் சொட்டும், பச்சோந்தி அதை நக்கிக் குடிக்கும். 25 சதவீத ஈரப்பதத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மிஸ்டிங் என்றால் அந்தக் காலநிலை அம்பிலோபே பக்கம் கிடையாது. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சாக வரத் தொடங்கும், அடுத்தது சிறுநீரகம்.

சால்டரிங்_சாமி எழுதியது:

மேலே சொன்னதை இயக்குவதில் இருக்கும் வில்லங்கங்கள்:

ஸ்மார்ட் பிளக்கில் "சூரிய உதயம் / அஸ்தமனம்" என்று ஒரு வசதி இருக்கும். அதை அழுத்தாதீர்கள். உங்கள் வீட்டு முகவரியை வைத்து டிசம்பரில் 8 மணி 56 நிமிடப் பகல் கொடுக்கும், ஜூனில் 15 மணி 27 நிமிடம். சரி, ஊரைச் சென்னை என்று மாற்றிவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. இந்திய நேரத்துக்கு விடியும், அதாவது உங்களுக்கு ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு விளக்கு எரியும். ஹோம் அசிஸ்டண்ட் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) வைத்திருந்தால் ஒரு குறுக்கு வழி: அட்சரேகையை 13.1 என்று போட்டு, தீர்க்கரேகையை டொரண்டோவின் மைனஸ் 79.4 ஆகவே விடுங்கள். உங்கள் ஊர் நேரத்தில் சென்னையின் பகல் நீளம் கிடைக்கும், மாதாமாதம் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் வாசல் விளக்கையும் அதே சூரியக் கணக்கில் ஓட்டினால் அதுவும் சென்னைக்குப் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கையால் நேரம் போடுபவர்களுக்கு இன்னொரு பொறி, மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவது. ஆறு மாதம் 15 நிமிடம் 15 நிமிடமாகச் செய்ததை ஒரே இரவில் 60 நிமிடம் குலுக்கிவிடும். பிளக்கின் ஆப்பில் நேர மண்டலத்தை ரெஜைனா என்று வைத்தால் தப்பிக்கலாம், சஸ்காட்செவனில் கடிகாரம் மாற்றுவதில்லை. அங்கே உங்கள் குளிர்கால நேரத்தைவிட ஒரு மணி பின்னால், அதைக் கணக்கில் சேர்த்து எண்களைப் போடுங்கள்.

ஹாலஜனுக்கு ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் போடாதீர்கள். நாள் முழுக்க பல்ப் அணைந்து அணைந்து எரியும், இழையும் சீக்கிரம் போகும். ஒன்று, மங்கலாக்கும் தெர்மோஸ்டாட். ஹெர்ப்ஸ்டாட் போன்றவற்றில் இருக்கிறது. இல்லாவிட்டால் சாதாரண டிம்மர் ஒன்று, அதற்கு முன்னால் டைமர். டிம்மர் போதும் என்பது என் கட்சி, அறை வெப்பம் பெரிதாக ஆடாத வீட்டில். யூவிபி குழலை டிம்மர் பக்கமே கொண்டுபோகக் கூடாது, பேலஸ்ட் (சோக்) போய்விடும். எல்இடி பட்டைக்கும் அதற்கான டிரைவர் இல்லாமல் வேண்டாம்.

செயற்கை விடியலுக்கு ஒன்றரை மணி நேரம் மெல்ல மெல்ல வெளிச்சம் ஏற்றும் கன்ட்ரோலர்கள் விற்கிறார்கள். 13 டிகிரியில் அந்திப்பொழுது 20-25 நிமிடத்தில் முடிந்துவிடும். எல்இடி முதலில், 30 நிமிடம் கழித்து யூவிபி, ஒரு மணி நேரம் கழித்து ஹாலஜன். இதற்கு மூன்று சாதாரண டைமர் போதும்.

மழைக்கு முன்னால் தண்ணீர் எங்கே போகும் என்று பாருங்கள். ஒவ்வொரு நாசிலையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு ஒரு நிமிடம் ஓட்டி அளந்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 100 மி.லி. என்று வந்தால் நான்கு நாசில் 15 நிமிடத்தில் 6 லிட்டர். அடித்தட்டு அதைத் தாங்காது. நடுவில் துளையிட்டு, தட்டைச் சற்றுச் சரித்து, கீழே 20 லிட்டர் வாளி. ஆர்ஓ தண்ணீர் பயன்படுத்தினால் நாசில் அடைக்காது, இலையில் வெள்ளைப் புள்ளியும் விழாது. குழாய்த் தண்ணீர் ஜனவரியில் ஐஸ் போல வரும். முந்தின நாளே தொட்டியில் நிரப்பி அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

ஸ்காபரோ_பச்சை எழுதியது:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். அறை 19-இல் இருக்கும்போது மேல் பாதியை 23-24-க்குக் கொண்டுவர 75 வாட் போதாது. 100 வாட் போடலாமா? போன ஜனவரியில் நம்ம பச்சோந்தியார் நாள் முழுக்க பல்புக்குக் கீழேயே நின்றார், 75 வாட் பத்தவில்லை என்று நினைத்தேன்.

ஊர்வன_டாக்டர் எழுதியது:

100 வாட் வேண்டாம். நீங்கள் சொன்ன காட்சிதான் குளிர்காலத் தீக்காயத்தின் ஆரம்பம். சுற்றுக் காற்று குளிராக இருக்கும்போது விலங்கின் உள்ளுடம்பு சூடேற நெடுநேரம் பிடிக்கும், அதனால் விளக்கை விட்டு நகராது. முதுகு முகடும் தலைக்கூம்பும் மட்டும் பல்புக்கு மிக அருகில் இருக்கும். அங்கே தோல் வெந்தாலும் அதை உணர்ந்து விலகும் பழக்கம் பச்சோந்திக்குக் கிடையாது. முதலில் முகட்டு முட்கள் வெளிறும், இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி, பிறகு கறுத்துக் காயும். பொக்கை விழுந்த பிறகுதான் பலருக்கும் தெரிகிறது.

செய்ய வேண்டியது வேறு. கூட்டின் பின்பக்கமும் இரு பக்கங்களும் தெளிவான பிளாஸ்டிக் தகட்டால் மூடுங்கள், முன்பக்கமும் மேலும் வலையாகவே இருக்கட்டும். வெப்பமும் ஈரமும் தங்கும், காற்றும் ஓடும். இதிலேயே 2-3 டிகிரி கூடலாம். மீதிக்கு அறை ஹீட்டரைப் பகலில் 21-இல் வையுங்கள். அதுவும் போதாவிட்டால் ஒரு 75-க்குப் பதில் இரண்டு 50 வாட் ஃபிளட் பல்புகளைப் பக்கத்தில் பக்கத்தில், இன்னும் உயரத்தில் வையுங்கள். முதுகு முழுக்கப் பரவலாகச் சூடு விழ வேண்டும், ஒரு புள்ளியில் விழக் கூடாது.

அளப்பது எப்போதும் முதுகு உயரத்தில். பாந்தர் ஆண் கிளைமேல் நிமிர்ந்து நின்றால் முதுகு முகடு கிளையிலிருந்து 8-10 செ.மீ. மேலே. கிளையில் 29 காட்டும் இடத்தில் முகட்டில் 34 இருக்கக்கூடும். கிளையில் ஒரு குச்சியைக் கட்டி, நுனியில் கம்பி சென்சாரை முகடு வரும் உயரத்தில் வைத்து, அரை மணி நேரம் விட்டுப் படியுங்கள். அகச்சிவப்புத் துப்பாக்கி மரப்பட்டையின் சூட்டைத்தான் சொல்லும். யூவி இண்டெக்ஸுக்கும் இதே உயரம், அங்கே 3 வர வேண்டும். வலைக்கு மேல் வைத்த 6 சதவீதக் குழலுக்கு அது சுமார் 20-23 செ.மீ. தூரம், ஆனால் வலையின் நெருக்கத்தைப் பொறுத்து மாறும். மீட்டர் இரவல் கிடைத்தால் ஒரு தடவையாவது அளந்துவிடுங்கள்.

குளிர்ப்பருவத்துக்குள் எதை அனுப்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 10 மாதத்துக்குக் குறைந்த குட்டி, முட்டை சுமக்கும் பெண், எடை இறங்கிக்கொண்டிருக்கும் விலங்கு. எச்சப் பரிசோதனையை அக்டோபரிலேயே செய்யுங்கள். நலமான நாளில் அடங்கிக் கிடக்கும் குடல் ஒட்டுண்ணி குளிரும் பசியும் சேரும்போது தலைதூக்கும்.

சாப்பாட்டைக் குறைப்பதுதான் முதலில், வெப்பத்தைக் குறைப்பது பிறகு. ஹாலஜன் நேரத்தைக் குறைக்கத் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே இரையைக் குறையுங்கள். மழைப்பருவத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் 4 நடுத்தர கிரிக்கெட் பூச்சி என்றால், குளிரில் வாரத்துக்கு இருமுறை 3. கொழுத்த புழுக்கள் அப்போது வேண்டவே வேண்டாம், பட்டுப்புழு பரவாயில்லை. முழு வயிற்றோடு குளிரில் விட்டால் இரை உள்ளேயே அழுகி, இரண்டு நாள் கழித்து நாற்றத்தோடு வாந்தியாக வரும். கால்சியம் தூவுவது அப்படியே தொடரட்டும், டி3 கலந்ததை மாதம் இருமுறை.

வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை. 158 கிராம் விலங்கு 150-க்கு வந்தால் சாதாரணம். 142-க்கு வந்தால் பத்து சதவீதம் போய்விட்டது, குளிர்ப்பருவத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். நிறம் மங்குவது, கொஞ்சம் தாமதமாக எழுவது, இரை மேல் ஆர்வம் குறைவது எல்லாம் இந்தப் பருவத்தில் எதிர்பார்க்கலாம். பகலில் கண்ணை மூடி நிற்பது ஒருபோதும் பருவம் இல்லை, நோய்தான். ஒரு கண் மட்டும் மூடினாலும் அதே.

மூன்று_கொம்பு எழுதியது:

கொஞ்சம் மாற்றுக் கருத்து. தனியாக இருக்கும் ஒரு ஆணுக்கு இவ்வளவு தேவையா? வருடம் முழுக்க 12 மணி, 29-30 பாஸ்கிங், இரவில் நல்ல இறக்கம் என்று ஓட்டி ஆறேழு வயது வரை வைத்திருப்பவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால் முதல் இடம் இரவு இறக்கத்துக்கு. அதைச் சரியாகக் கொடுத்தால் மீதி அலங்காரம். ஜாக்சன் பச்சோந்தியைப் பாருங்கள், கென்யா மலையில் இருப்பது நிலநடுக்கோட்டிலேயே, பகல் நீளம் வருடம் முழுக்க அசையாது. இரவுக் குளிரும் மழையும்தான் அதற்குக் காலண்டர்.

இலைமறைகாய் எழுதியது:

இரவு இறக்கம் முதலில் என்பதில் சண்டை இல்லை. பகல் நீளத்தை 12-இல் நிறுத்திவிட்டு மழையையும் இரவையும் இரையையும் மட்டும் மாற்றினாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வந்துவிடும், சோம்பலான ஆட்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. வருடம் முழுக்க முழுத் தீனியும் முழுச் சூடும் கிடைக்கும் ஆண் கொழுக்கிறது, பெண் ஓயாமல் முட்டை போட்டுத் தேய்கிறது. ஏமன் பச்சோந்திப் பெண்ணில் இது கண்கூடு. பாஸ்கிங்கை 27-க்கு இறக்கி, இரையை வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு மூன்று நான்கு பூச்சி என்று கட்டுப்படுத்தினால் முட்டை எண்ணிக்கை வெகுவாகக் குறையும், சிலது முட்டையே இடாது.

பாந்தர் முட்டைக்குக்கூட பருவம் வேண்டும். தொடர்ந்து ஒரே சூட்டில் வைத்தால் கரு ஒரு வருடம் வரைகூட இழுத்தடிக்கும். முதலில் 24 டிகிரியில் ஆறு வாரம், பிறகு 18-20-இல் ஆறு வாரம், மறுபடி 24-25 என்று கொடுத்தால் கரு ஓய்விலிருந்து ஒன்றாக எழும், குட்டிகள் சில நாள் இடைவெளிக்குள் பொரியும். தென்மேற்கு மடகாஸ்கரின் லபோர்டி பச்சோந்தி இதன் உச்சம். எட்டு ஒன்பது மாதம் முட்டைக்குள், வெளியே வந்து நாலைந்து மாதத்தில் வளர்ந்து, முட்டையிட்டு, மழை ஓய்வதற்குள் அந்தத் தலைமுறை முழுக்க முடிந்துவிடும்.

வைகைக்கரை எழுதியது:

மதுரையில் இருக்கிறேன். இங்கே தோட்டத்தில் வரும் பச்சோந்திக்கு இதே அளவுகள் சரிவருமா? ஒன்று பிடித்து வைத்திருக்கிறேன்.

நெறியாளர் எழுதியது:

பிடித்த இடத்திலேயே, அதே மரத்தில், இன்றே விட்டுவிடுங்கள். நம்ம ஊர்ப் பச்சோந்தி 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனம், வளர்ப்பது குற்றம். வெளிநாட்டு இனங்களுக்கும் இந்தியாவில் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். இந்த இழையில் அதற்கான அளவுகளை யாரும் தர வேண்டாம்.

ஸ்காபரோ_பச்சை எழுதியது:

எல்லாவற்றையும் சேர்த்து ஜனவரி நாளை இப்படிப் போட்டிருக்கிறேன். 6:30 மிஸ்டிங் 2 நிமிடம், 6:40 எல்இடி, 7:10 யூவிபி, 7:40 முதல் 10:40 வரை ஹாலஜன், 5:30 யூவிபி அணையும், 6:00 எல்இடி அணையும், 6:05 மிஸ்டிங் 2 நிமிடம். ஃபாகர் (பனிமூட்டம் கிளப்பும் கருவி) இரவு 9 முதல் காலை 6 வரை. சரியோ?

இலைமறைகாய் எழுதியது:

ஃபாகர் தவிர எல்லாம் சரி. இரவு 9 மணிக்குக் கூடு இன்னும் 21-22-இல் இருக்கும். வெதுவெதுப்பான காற்றில் பனிமூட்டம் நின்றால் மூச்சுக்குழாயில் கிருமிதான் வளரும். மூக்கோரம் குமிழி, வாயைத் திறந்து அண்ணாந்து மூச்சு வாங்குவது என்று வந்து நிற்கும். உறங்கும் கிளைப் பக்கம் சென்சார் 20-க்குக் கீழே போன பிறகே ஓடட்டும், உங்கள் வீட்டில் நள்ளிரவு 1 முதல் 5 வரை என்று வையுங்கள். தொடர்ந்து ஓடாமல் 15 நிமிடம் ஓடி 30 நிமிடம் நிற்கட்டும். அந்த நேரத்தில் ஈரப்பதம் 80-க்கு மேல் போனால் போதும், பகலில் 40-50-க்கு இறங்கி இலை காய வேண்டும். காலை பத்து மணிக்கும் தண்டில் ஈரம் தெரிந்தால் ஃபாகரைக் குறையுங்கள், மிஸ்டிங்கைத் தொடாதீர்கள்.

ஃபாகர் தொட்டியில் ஆர்ஓ அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டும். வாரம் ஒருமுறை தொட்டியையும் குழாயையும் கழற்றி வினிகரில் அரை மணி ஊறவைத்து, தேய்த்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். உள்ளே விரலால் தடவினால் வழுக்கக் கூடாது.

இன்னொன்று, கூடு ஹாலில் இருக்கிறதா? ஆறு மணிக்கு எல்இடி அணைந்த பிறகு அறை விளக்கும் டிவியும் பதினொன்று வரை எரிந்தால் 11 மணி 20 நிமிடக் கணக்கெல்லாம் வீண். மூன்று பக்கத் தகட்டுக்கு வெளியே கறுப்புத் துணி, முன்பக்கம் ஒரு திரை. ஜூனில் ஜன்னல் வெளிச்சத்துக்கும் அதுவே உதவும்.